அவன் போலீஸ் என்று சொல்லவே இல்லை

என் தம்பி ராய்ஸ் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையாம். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே ஒப்பித்துக்கொண்டு திரிகிறான். "நான் போலீஸ்னு ஒரு தடவையாவது சொன்னேனா? அந்தக் கிழவியையே கேட்டுப் பாருங்க." அந்தக் கிழவி ஓமா பென்டரைக் கேட்டால் அவளும் இல்லை, சொல்லவில்லை என்றுதான் சொல்வாள். அவளுக்குப் பொய் பேச வராது. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

மார்லோ ஊரில் நீதிமன்றத்துக்கு நேர் எதிரே, முடிவெட்டும் கடையை ஒட்டி எங்கள் ஜாமீன் அலுவலகம் இருக்கிறது. பலகையில் இருப்பது என் பெயர், வெர்னா ஹாஸ்கின்ஸ். கைதானவனுக்கு ஜாமீன் கட்ட வழியில்லையென்றால் வீட்டார் கட்டணத்தோடு என்னிடம் வருவார்கள். அவன் சொன்ன தேதிக்கு வந்து நிற்பான் என்று நான் நீதிமன்றத்தில் பொறுப்பேற்பேன். வந்து நின்றால் எல்லோருக்கும் நல்லது. டிமிக்கி கொடுத்துவிட்டால் ஜாமீன் பணம் மொத்தமும் என் தலையில் விடியும். அதனால் அவனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர எங்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த ஆள்பிடிக்கிற வேலை ராய்ஸுடையது. எங்கள் இருவரில் யாரும் போலீஸ் இல்லை. போலீஸுக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, எங்களுக்கு அடுத்தவன் வீட்டுக் கஷ்டம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் போலீஸ் மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை ராய்ஸுக்கு ரொம்ப நாளாக உண்டு. தபாலில் வருகிற சாமான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணப்பெண் நகை பார்ப்பதுபோல் பக்கம் பக்கமாகப் பார்ப்பான். கறுப்பு உடுப்பு, விலங்கு மாட்டிக்கொள்ள பெல்ட், மார்பில் குத்த ஒரு பேட்ஜ்.

"ஏன்டா, நீ யாருன்னு உனக்கே மறந்துடுதா? நெஞ்சுல மாட்டிக்கிட்டுத்தான் ஞாபகம் வச்சுக்கணுமா?" என்பேன்.

"அக்கா, நீ மேஜைக்குப் பின்னால சொகுசா உக்காந்து பேசுவ. துப்பாக்கிக்கு முன்னால போய் நிக்கிறவன் நான்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முந்தின இலையுதிர்காலத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியபோது, உள்ளே இருந்த ஆள் திருடன் என்று நினைத்துக் கதவோடு சேர்த்துச் சுட்டுவிட்டான். ரவைகள் ராய்ஸின் தொடையில் பாய்ந்தன. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "பேட்ஜ் இருந்திருந்தா சுட்டிருப்பானா?" என்று கேட்டான். "மூடின கதவு வழியா அவனுக்கு உன் பேட்ஜ் எப்படிடா தெரியும்?" என்று கேட்டுவிட்டேனே தவிர, அவன் முனகலைக் கேட்க எனக்கும் மனசு ஆறவில்லை. தம்பியல்லவா. அம்மா போனபிறகு நான் வளர்த்தவன்.

அதனால் அவனுக்காக ஒரு மேல்சட்டை தைக்கக் கொடுத்தேன். வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு நிறம். முன்னும் பின்னும் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி 'ஜாமீன்' என்று பெரிய எழுத்து. பார்த்தவுடனே யார் வந்திருக்கிறான் என்று தெரிய வேண்டும், போலீஸ் என்றும் நினைக்கக் கூடாது, திருடன் என்றும் நினைக்கக் கூடாது. என் கணக்கு அது. ராய்ஸ் அதைப் போட்டுக்கொண்டு காலை ஆகாரத்துக்குப் போனான். சாப்பாட்டுக் கடையில் இருந்த தடிப்பயல்கள் விடுவார்களா?

"என்ன ராய்ஸ், யார் உன்னை ஜாமீன்ல எடுத்தது?"

"விலை போடலையேப்பா! முதுகைத் திருப்பு, அந்தப் பக்கம் போட்டிருக்கான்னு பாப்போம்."

பரிமாறுகிற பெண்கூடக் காப்பியைக் கொட்டிவிடுகிற அளவுக்குச் சிரித்தாளாம். அதோடு அந்தச் சட்டை அவன் வண்டியின் பின்பக்கம் எண்ணெய் துடைக்கப் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஓசார்க் மலைப்பக்கத்தில் பேட்ஜிலும் சாதி உண்டு. போலீஸ் தலைவராக ஷெரீஃப்பை நாங்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்போம். பழைய ஷெரீஃப் இருந்தவரை, டெபுடிகள் என்கிற அவருடைய போலீஸ்காரர்கள் அணிந்தது ஐந்து முனை நட்சத்திரம். தேர்தலில் அவரைத் தோற்கடித்து வந்தவர் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு நகரத்துப் பாணியில் கேடயம் கொடுத்தார். மலை வீடுகளில் கேடயத்தைக் கண்டால் முகம் கொடுக்க மாட்டார்கள், "அவன் இங்க இல்ல" என்று திரைக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிடுவார்கள். நட்சத்திரம் வேறு. நட்சத்திரம் என்றால் வாசலில் ஹாரன் அடித்துவிட்டு வண்டியிலேயே காத்திருக்கிற ஆள், கூப்பிட்டபிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வருகிற ஆள், சொன்னால் சொன்னபடி நடக்கிற ஆள். அதற்கு நாயைக் கட்டிவிட்டுக் காப்பி வைப்பார்கள். ராய்ஸ் ஒருமுறை என் பேச்சைக் கேளாமல் தபாலில் வரவழைத்த கேடயம் ஒன்றை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனான். பன்றிக்கு வைத்திருந்த கழுநீர் முழுக்க அவன் தலையில் விழுந்தது. வாடை போக ஒரு வாரம் ஆனது.

என் புருஷன் எம்மெட் நட்சத்திரக்காரர். வைக்கோல் அறுக்கும்போது மாரடைப்பில் போனார். அடக்கம் முடிந்ததும் பழைய ஷெரீஃப் அந்த நட்சத்திரத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். அதன் கீழ்முனை ஒன்று மடங்கியிருக்கும். ஒரு சர்ச் விருந்தில் ஓமா பென்டர் கொண்டுவந்த பீச் பழ ஊறல் ஜாடி திறக்க வரவில்லை என்று எம்மெட் நட்சத்திரத்தைக் கழற்றி மூடியை நெம்பினார். மூடி திறந்தது, முனை மடங்கியது. "அரசாங்கச் சொத்தை நாசம் பண்ணிட்டியேப்பா, உன்னையே நீ கைது பண்ணிக்க வேண்டியதுதான்" என்று ஓமா கேலி செய்ய, அந்தக் கூடமே சிரித்தது. நான் அதை என் பொத்தான் டப்பாவில் வைத்திருந்தேன். ராய்ஸுக்கு அது தெரியும். வீட்டுக்குள் எதை எங்கே வைத்திருக்கிறேன் என்று தம்பிக்குத் தெரியாமல் இருக்குமா?

இப்போது ஓமாவின் மகன் ஆர்லிஸ் விஷயத்துக்கு வருகிறேன். வேலித் தகராறில் பக்கத்து நிலத்துக்காரனை அடித்துத் தாடையைப் பெயர்த்துவிட்டான். நான்தான் ஜாமீன் எடுத்தேன். ஆர்லிஸ் முரடன், ஆனால் பொய்யன் இல்லை. வழக்குத் தேதி நெருங்கும்போது எந்தப் புண்ணியவானோ, "நீதிபதியும் அடிபட்டவனும் சேர்ந்து மீன்பிடிக்கப் போறவங்க, நீ உள்ளே காலை வச்சா அப்படியே ஜெயில்தான்" என்று காதில் ஓதிவிட்டான். பயந்துபோய்க் காட்டில் மாமனுடைய வேட்டைக் குடிசையில் போய் ஒளிந்துகொண்டான். தேதிக்கு வரவில்லை.

ஒளிந்தவன் ஒழுங்காக ஒளியவும் இல்லை. ஓமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் பக்கத்து நகரத்துக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். ஓமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, வேறு பிள்ளையும் இல்லை, மரஅறுவை மில்லில் வேலை பார்த்த புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த மலைப் பாதையில் ஆர்லிஸ் ஓட்டினால்தான் அவளுக்கு ரத்தம் சுத்தமாகும். ஆகவே வாரத்தில் மூன்று நாள் விடியும்போது குடிசையிலிருந்து இறங்கி வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, திரும்பவும் ஒளிந்துகொள்வான். இப்படி ஒரு தலைமறைவை நான் என் அனுபவத்தில் பார்த்ததில்லை.

நான் நீதிபதி லாக்ரிட்ஜைப் போய்ப் பார்த்தேன். கிழவர் சிடுமூஞ்சி, ஆனால் மனுஷர். "அவனா வந்து நின்னா, பயந்துட்டான்னு எடுத்துக்கறேன். பழைய ஜாமீனே தொடரட்டும், வழக்கு முடியறவரை வீட்டுலயே இருக்கட்டும். பிடிச்சு இழுத்துட்டு வந்தா என்கிட்ட எதுவும் கேக்காதே, வெர்னா" என்றார். எனக்கு அது போதும்.

ஓமா வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் உட்கார்ந்தேன். ஆர்லிஸ் கதவோரம் எந்நேரமும் ஓடத் தயாராக நின்றான்.

"வெள்ளிக்கிழமை காலையில நானே என் கார்ல வர்றேன். ஆர்லிஸ் என் பக்கத்துல உக்காந்து வரட்டும். விலங்கு கிடையாது, ஒண்ணும் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பான்" என்றேன்.

"நிஜமாவா, வெர்னா?" என்று ஓமா கேட்டாள். "இவன் உள்ள போயிட்டா நான் செத்தேன். சும்மா பேச்சுக்குச் சொல்லல. டாக்டரே சொல்லிட்டாரு, ரெண்டு தடவை விட்டா ஆள் தாங்காதுன்னு."

"ஓமாம்மா, என் எம்மெட் மேல சத்தியம். என்னைத் தவிர எவனாவது கறுப்புச் சட்டை மாட்டிக்கிட்டு வந்தா நாயை அவுத்து விடுங்க."

ஆர்லிஸ் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "உங்களுக்காக வர்றேன். வேற யாருக்காகவும் இல்ல" என்றான்.

அன்றைக்கு ராய்ஸ் என் வீட்டில்தான் சாப்பிட்டான். இறைச்சிக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். கூடப்பிறந்தவன், தொழிலிலும் பங்காளி, அவனிடம் எதை மறைப்பேன்? ஆர்லிஸ் எந்தெந்தக் காலையில் எங்கே இருப்பான் என்பதைக்கூட நானே என் வாயால் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை வரமாட்டான், பாரு" என்றான். "ஒரு தடவை ஓடினவன் மறுபடியும் ஓடுவான். அப்புறம் நம்ம ரெண்டு பேர் தலையிலயும் துண்டு. நான் போய்த் தூக்கிட்டு வந்துடறேன்."

"அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"சரி, சரி. கத்தாதே. உன் வாக்கை யார் என்ன பண்ணப்போறாங்க?" என்றான். என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டான். நான் பாத்திரம் கழுவ எழுந்து போனேன். அப்போதுதான் பொத்தான் டப்பாவில் கை வைத்திருக்க வேண்டும். பாவி, நான் அவனுக்கு மறுநாளைக்கென்று சாப்பாடு வேறு கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. ஓமா. குரலில் கோபம் இல்லை, பதற்றம்கூட இல்லை.

"வெர்னா, எதுக்கும்மா ஒரு நாள் முன்னாடியே ஆளனுப்பிட்ட? ஆர்லிஸ் சட்டைகூட மாத்தல. அழுக்குச் சட்டையோட ஜட்ஜு முன்னால நிப்பான்."

"நான் யாரையும் அனுப்பலையே?" என்றேன்.

"உன் தம்பிதான் வந்தான். கறுப்புச் சட்டையைப் பாத்ததும் நாயை அவுக்கத்தான் போனேன். அப்புறம் நெஞ்சுல எம்மெட்டோட நட்சத்திரம் இருந்ததைப் பாத்தேன். அந்த மடங்கின முனை எனக்குத் தெரியாதா? சரி, நீயே குடுத்து அனுப்பிருக்கன்னு நாயைக் கட்டிட்டேன். ஆர்லிஸை நான்தான் கூப்பிட்டேன். 'பயப்படாத, வெளிய வா, இது வெர்னா அனுப்பின ஆளு'ன்னு நான்தான் சொன்னேன்."

அவள் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் தொலைபேசியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பொத்தான் டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். பொத்தான்கள் அலமாரிக்கு அடியிலெல்லாம் உருண்டு ஓடின. நட்சத்திரம் இல்லை. தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டேன். எவனோ ஊர்பேர் தெரியாதவன் செய்திருந்தால் பொறுத்துக்கொள்வேன். என் தட்டில் சாப்பிட்டவன் செய்தான்.

சிறையின் பின்வாசலுக்குப் போனபோது ராய்ஸின் வண்டி நின்றுகொண்டிருந்தது. ராய்ஸ் வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தான், கைக்குட்டை முழுக்க ரத்தம். ஆர்லிஸின் கைகள் பின்னால் பூட்டப்பட்டிருந்தன. அவன் நெற்றி கிழிந்திருந்தது. நடந்தது இதுதான். நட்சத்திரத்தைப் பார்த்தும் அம்மா சொன்னதைக் கேட்டும் ஆர்லிஸ் ஆட்டுக்குட்டி மாதிரி வந்து வண்டியில் ஏறியிருக்கிறான். பாதி வழியில் ராய்ஸ் விலங்கை எடுத்து மாட்டினான். ஒரு கை பூட்டியதும் ஆர்லிஸ் வண்டியைச் சுற்றிப் பார்த்திருக்கிறான். போலீஸ் வண்டியில் இருக்கிற ரேடியோ இல்லை, காலடியில் எண்ணெய்க் கறையோடு அந்த ஆரஞ்சுச் சட்டை கிடந்தது. 'ஜாமீன்' என்ற எழுத்தைப் படித்தவுடன், விலங்கு கிடையாது என்ற என் வாக்கு இதில் இல்லை, இது ஆள்பிடிக்கிறவன் வேலை என்று அவனுக்கு விளங்கிவிட்டது. விலங்கு பூட்டிய கையாலேயே ராய்ஸின் வாயில் குத்தினான். முன்பல் இரண்டு போயிற்று.

ஆர்லிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எங்கம்மா உங்களுக்குன்னு கேக் பண்ணி வச்சிருந்தாங்க, வெர்னா அக்கா. நாளைக்கு நீங்க வருவீங்கன்னு" என்றான். அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

நான் ராய்ஸ் பக்கம் திரும்பினேன். கறுப்பு உடுப்பின்மேல் எம்மெட்டின் நட்சத்திரம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. பிடுங்கினேன், துணியோடு கிழிந்து வந்தது.

"நீ மனுஷனாடா? செத்துப்போன மனுஷன் நெஞ்சுல இருந்ததைத் திருடிக்கிட்டுப் போய்..."

"திருடலக்கா. எடுத்தேன். நம்ம வீட்டுச் சாமான்தானே?" வாயில் ரத்தத்தோடு குழறினான். "நான் போலீஸ்னு சொல்லவே இல்ல. நீ அனுப்பினதாவும் சொல்லல. அந்தக் கிழவியா பாத்தா, கிழவியா நாயைக் கட்டினா, கிழவியா அவனைக் கூப்பிட்டா. நான் வாயே திறக்கல."

"அதுக்குத்தான்டா அதை மாட்டிக்கிட்ட. நீ வாயைத் திறக்காமலேயே அது பேசும்னு தெரிஞ்சுதான் மாட்டிக்கிட்ட."

"சுடாம கதவைத் திறந்தாங்களா இல்லையா? அத மட்டும் சொல்லு. முதல் தடவையா எவனும் என்மேல சுடல, எவனும் கழுநீர் ஊத்தல. அது உனக்குச் சந்தோஷமா இல்லையா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் ரத்தம் வழிய நிற்கிற தம்பியிடம் அதைச் சொல்ல நா எழவில்லை. இப்போது சொல்கிறேன்: அவர்கள் திறந்தது உனக்காக இல்லையடா.

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் லாக்ரிட்ஜ் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தானாக வருவதாகச் சொன்னவன் இப்போது பிடித்துவரப்பட்டவனாக, பல் உடைத்த புது வழக்கோடு நின்றான். ஓமா முதல் வரிசையில் சர்ச்சுக்குப் போகும் உடையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் யாரோ பெரிய மனசு பண்ணிக் கொண்டுவந்து விட்டிருக்கிறான்.

அரசு வழக்கறிஞர் என்னைக் கூப்பிட்டு, "அந்த பேட்ஜை உங்க தம்பிக்கு நீங்க குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

ராய்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்றால் அவன் தப்பிப்பான், குடும்பச் சாமானை அக்கா கொடுத்தாள் என்று போய்விடும். ஆனால் ஓமாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்கல. திருடிட்டான்" என்றேன். "ஐயா, ஆர்லிஸ் இன்னைக்குத் தானா வர்றதா இருந்தான். நான் கூட்டிட்டு வர்றதா இருந்தது. அவன் ஓடல, ஏமாத்தப்பட்டான். தெரிஞ்சவுடனே அடிச்சான். எவனா இருந்தாலும் அடிப்பான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ராய்ஸ், நீ எழுந்திரு. நீ அதிகாரின்னு அந்த அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்லீங்க ஐயா."

"ஓமா, இவன் சொன்னானா?"

ஓமா எழுந்து நின்றாள். அவள் ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் மகன் தப்பியிருக்கக்கூடும். சாடையாகவாவது சொன்னான் என்று சொல்லியிருக்கலாம்.

"சொல்லலீங்க" என்றாள். "நானாத்தான் நம்பினேன்."

வழக்கறிஞர் தோளைக் குலுக்கினார். சொல்லாத பொய்க்கு வழக்குப் போட வழியில்லை, நட்சத்திரத்தைத் திருடினான் என்று அக்கா வேண்டுமானால் புகார் கொடுக்கலாம் என்றார். இந்த ஆட்கள் பேட்ஜ் மாட்டலாமா கூடாதா என்று மாவட்டக் கூட்டத்தில் பேசி ஒரு விதி போட வேண்டும் என்று லாக்ரிட்ஜ் உறுமினார். போட்டார்களா என்று கேட்காதீர்கள், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் பேட்ஜ் இருந்தால் ஆள்பிடிப்பவன் உயிர் பிழைப்பான் என்கிறார்கள். மீதிப் பேர் மலைக்காரர்கள், அவர்கள் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு நீதிபதி செய்தது ஒன்றுதான். பல் உடைந்தது உடைந்ததுதான் என்று ஆர்லிஸுக்கு ஜாமீன் மறுத்தார். விசாரணை முடிகிறவரை உள்ளேதான்.

வெளியே படிக்கட்டில் ராய்ஸ் என்னை மறித்தான். "கூடப்பிறந்தவனைக் கூண்டுல ஏத்தப் பாத்தியே அக்கா. காட்டிக்குடுத்துட்டியே" என்றான். உண்மையாகவே கண்கலங்கினான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆளைக் காட்டிக்கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவன் என்னிடம் இதைக் கேட்டான். அன்றைக்கே அலுவலகச் சாவியை வாங்கிக்கொண்டேன். புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு நாளும், கொடுக்காதது நல்லது என்று மறுநாளும் தோன்றுகிறது.

ஓமாவை மருத்துவமனைக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. சர்ச்சின் வேன் அவளைக் கூட்டிப்போவதாகக் கேள்விப்பட்டேன். வேன் ஓட்டுகிறவன் சொந்த வேலையைப் பார்த்துவிட்டு வருகிறவன், சில நாள் வருவான், சில நாள் மறந்துவிடுவான். ஒருமுறை தவறிவிட்டது என்றும் அவளுக்குக் கால் வீங்கிவிட்டது என்றும் தெரியவந்தது.

அடுத்த முறை நான் எதுவும் சொல்லாமல் மலைப்பாதையில் காரை விட்டேன். நினைத்தபடியே ஓமா பெருஞ்சாலைக்கு இறங்கும் திருப்பத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கையில் துணிப்பை, வீங்கிய காலுக்குப் பொருந்துகிற மாதிரி ஆர்லிஸின் பெரிய பூட்ஸ். வேன் வரவில்லை. காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"ஏறுங்க, ஓமாம்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. வேன் வரவேண்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்மேல கோவம். இருக்கட்டும். என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. உக்காந்து திட்டுங்க. இன்னைக்கு விட்டுட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரியாம நடந்துபோச்சும்மா. சத்தியமா நான் அனுப்பல."

"சத்தியம் போதும், வெர்னா" என்றாள்.

வேன் வரவே இல்லை. கடைசியில் அவள் அசைந்தாள். நான் எட்டி முன்கதவைத் திறந்துவிட்டேன். அவள் அதைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். பிடித்துக்கொண்டு போகிறவர்களை உட்காரவைக்கிற இடத்தில், பையை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் சேர்த்து அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பினேன்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். பிறகு அவளாகவே பேசினாள்.

"ஒண்ணு கேக்கணும் வெர்னா. அன்னைக்கு மில்லுல மரம் சரிஞ்சு என் புருஷன் போனப்ப, எம்மெட்தான் வந்து சொன்னாரு. தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு என் அடுப்படியில நின்னாரு. 'ஓமா, ஒரு நொடிதான், அவனுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது'ன்னாரு. நட்சத்திரம் போட்ட மனுஷன் சொல்றாரேன்னு நான் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். இத்தனை வருஷமும் அதை வச்சுத்தான் தூங்கினேன்."

கண்ணாடியில் அவள் கண்கள் என்மேல் இருந்தன.

"அது நிஜமா?"

அன்றைக்கு எம்மெட் வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என் மடியில் தலைவைத்து அழுதது எனக்குத்தான் தெரியும். மரத்துக்கு அடியில் அந்த மனுஷன் மத்தியானம்வரை உயிரோடு கிடந்திருக்கிறான். எம்மெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டி பேரையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். "அந்தப் பொண்ணுகிட்ட எப்படி வெர்னா இதைச் சொல்றது?" என்று அழுதார். அதை அவர் என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

ஆமாம், நிஜம்தான் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். இந்த ராய்ஸ் விவகாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன், அவளும் நம்பியிருப்பாள். வாயைத் திறந்தேன். சொல்லாமலேயே கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, விடு" என்றாள். "ரோட்டைப் பாத்து ஓட்டு."